விளையாட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய கரையோர ஊர்களில் இஷாத் தொழுகை முடிந்தபின் உள்தெருக்களில் நடப்போரின் காதில் இரண்டு ஓசைகள் விழும். ஒன்று கடலின் இரைச்சல். மற்றொன்று, திறந்து கிடக்கும் சன்னல்களினூடே வரும் துப்பாக்கி வேட்டும், "பின்னால பாரு மச்சான்!" என்ற இளங்குரலும். 2009க்கு முன்னர் அவ்வேட்டொலி கேட்டால் விளக்கணைத்துக் கதவடைத்த ஊர்கள் இவை. இன்று அந்த ஒலி கணினித் திரையிலிருந்து வருகிறது. கேட்போர் அஞ்சுவதில்லை, சில உம்மாமார் சினப்பதோடு சரி.

அத்தகைய வீடொன்றை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் உள்ளது ஒரேயொரு கணினி. வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. புதியதன்று, ஏதோவொரு நாட்டின் அலுவலகத்திற் பாவித்துக் கழித்த பெட்டி. நம் நாட்டுப் பிள்ளைகள் 'வீ.ஜீ.ஏ.' என்று கூறும் வரைவியல் அட்டை ஒன்று பின்னர் அதனுட் செருகப்பட்டது. பகலில் மூத்த மகள் அதில் உயர்தரப் பரீட்சைக் குறிப்புகளை எழுதுகிறாள். மாலையில் உம்மா, கடல் கடந்திருக்கும் கணவரோடு முகம் பார்த்துப் பேசுகிறார். இரவில் பத்தாந் தரத்திற் படிக்கும் தம்பியின் ஆட்சி.

இவ்வீட்டுக்கு ஓர் இடர் வந்திருக்கிறது. விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. விரும்பியோர்க்கு ஓராண்டு நீடிப்பு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஆயின், அடுத்ததாகிய விண்டோஸ் 11, ரீ.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் கேட்கிறது. இன்டெல் எட்டாந் தலைமுறைக்கு முந்திய பெட்டிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. ஏற்காத பெட்டியை என் செய்வது? புதியது வாங்க இப்பொழுது பணமில்லை. ஒலுவில் பல்கலைக்கழகத்திற் கற்கும் மச்சான் ஒருவர், "லினக்ஸ் போடலாமே" என்கிறார். தம்பி கேட்கும் முதற் கேள்வி, "கேம் ஓடுமா?" என்பது. ராத்தா கேட்கும் முதற் கேள்வி, "என்ட நோட்ஸ் எல்லாம் என்ன ஆகும்?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடை கண்டபிறகு கைவைப்பதே முறை.

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடக்கி வைத்த கரு. அக்கருவைச் சுற்றி வேண்டிய மென்பொருள்களைத் திரட்டி, நிறுவத்தக்க முழு வடிவில் வெவ்வேறு குழுவினர் தருகின்றனர். அவ்வாறு தரப்படுவதையே 'வழங்கல்' என்கிறோம். அரிசி ஒன்றுதான், ஒரு வீட்டிற் சோறாகும், ஒரு வீட்டிற் புரியாணியாகும், நோன்பு காலத்திற் பள்ளிவாசலிற் கஞ்சியாகும். வழங்கல்களின் வேற்றுமையும் இத்தகையதே. விலை கிடையாது; எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கடையில் நூறோ இருநூறோ கொடுத்து உரிமமில்லா விண்டோஸை ஏற்றிக்கொண்டு, அதனோடு வைரசையும் வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கத்துக்கு இது மாற்றாகும்.

இவ்வகைக் கட்டற்ற மென்பொருள் இக்கரைக்கு அந்நியமானது எனக் கருத வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையிலே மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அந்நாட்களிற் காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களுள் 'சஹன' எனும் மென்பொருளை எழுதினர். அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டு, பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் உதவிற்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'ஹந்தான' என்ற பெயரில் பெடோராவை அடியாகக் கொண்டு இலங்கை மாணவர்களுக்கென ஒரு வழங்கலும் செய்யப்பட்டது. இணைய வசதியில்லா வீடுகளை எண்ணி வேண்டிய மென்பொருள் யாவும் அதனுள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. அது இன்று வழக்கில் இல்லை என்பது வருந்தத்தக்கது.

இனி, தம்பியின் கேள்விக்கு வருவோம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் எவ்வாறு ஓடும்? 1993ஆம் ஆண்டில் 'வைன்' எனும் திட்டம் தொடங்கிற்று. பெயரைக் கேட்டு எவரும் முகஞ் சுளிக்க வேண்டாம்; அது மதுவன்று, 'இது போலியாக்கி அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாம். விண்டோஸிடம் ஒரு செயலி கேட்பதை லினக்ஸுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கும் மொழிபெயர்ப்பாளர் அது. விளையாட்டுக்களை விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், 2018 ஓகஸ்டில் வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட் 3டி எனும் வரைவியல் மொழியை வல்கன் எனும் மொழிக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்ற கருவி அதனுள் அடங்கும். 2022 பெப்ரவரியில் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் எனும் கைக்கருவி முற்றிலும் லினக்ஸில் இயங்குவது. ஆகவே தனியொருவராக ஆடும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை இன்று லினக்ஸிலும் ஓடுகின்றன. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்ஸுக்கெனவே வெளியிடப்படுகின்றன. மைன்கிராப்டின் ஜாவாப் பதிப்பும் அவ்வாறே.

இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்க வேண்டும். ஏனெனில், ஆர்வமுள்ளோர் பலர் இங்கே பாதியை மட்டும் கூறி, மீதியை விழுங்கிவிடுகின்றனர். பலர் கூடி இணையத்தில் ஆடும் போட்டிகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவலன் ஒன்று வைக்கப்படுகிறது. அக்காவலன் சில விளையாட்டுக்களில் விண்டோஸின் கரு வரை இறங்கி நிற்பான். மொழிபெயர்ப்பாளரை அவன் நம்புவதில்லை, வாசலிலேயே மறித்துவிடுவான். வலோரண்ட் இவ்வாறே மறிக்கிறது. போர்ட்நைட், கணினிக்கான பப்ஜி, கோல் ஒப் டியூட்டி ஆகியனவும் அப்படியே. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிதும் விரும்பும் ஈ.ஏ. நிறுவனத்தின் காற்பந்தாட்டமும், 2022இல் வெளிவந்த பீபா 23 தொடக்கம் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. முன்னர் ஓடியது பின்னர் நிற்பதும் உண்டு. ஜீ.ரீ.ஏ. 5இன் இணைய ஆட்டம் 2024 செப்டெம்பரிலும், அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியிலும் லினக்ஸுக்குக் கதவடைத்தன. இத்தனைக்கும் ஈசி அன்டி சீட், பற்றில் ஐ என்ற பெரிய காவலர் இருவரும் 2021ஆம் ஆண்டிலேயே புரோட்டானோடு ஒத்துழைக்க ஆயத்தமாயினர். விளையாட்டை உடையவர் அனுமதிக்க வேண்டும்; சிலர் அனுமதிக்கவில்லை, அவ்வளவே.

இதனால் விளங்குவது யாது? தம்பியின் கூட்டாளிகள் யாவரும் வலோரண்ட் ஆடுபவராயின், உலகிலுள்ள எந்த வழங்கலைத் தேர்ந்தாலும் அவன் அக்கூட்டத்தில் இடம்பெற முடியாது. உபுண்டு தவறு, பெடோரா சரி என்ற வாதமெல்லாம் அங்கே வீண். "அது மட்டும் வராது தம்பி" என்று முதல் நாளிலேயே கூறிவிடும் மச்சானே நல்ல மச்சான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரவுக் கூட்டாளிகளை இழப்பது சிறிய இழப்பன்று. பெரியவர்கள் அதனை எள்ளி நகையாடலாகாது. ஆகையால் முதலில் எழுதவேண்டியது வழங்கல்களின் பட்டியல் அன்று. வீட்டில் ஆடப்படும் விளையாட்டுக்களின் பட்டியல். ஒவ்வொன்றின் பெயரையும் புரோட்டான் டி.பி. எனும் தளத்தில் இட்டுப் பார்த்தால், பிறர் எவ்வகைக் கணினியில் எவ்வாறு ஓடக் கண்டனர் என்பது தெரியும்.

அடுத்தது பெட்டியைத் திறந்து பார்ப்பது. வழங்கலைத் தீர்மானிப்பதில் அதன் பெயரிலும் அழகிலும் பார்க்க வரைவியல் அட்டையின் வயதுக்கே பங்கு அதிகம் என்பது பலரும் பிந்தி உணரும் உண்மை. ஏ.எம்.டி. அட்டையாயின் இலேசு. அதற்கான செலுத்தி மென்பொருள் லினக்ஸ் கருவிலும் மேசா எனும் தொகுதியிலும் கூடவே வருகிறது, ஆர்.எக்ஸ். 570, 580 போன்ற பழைய அட்டைகளும் செருகியவுடன் இயங்கும். என்விடியாவின் செய்தி வேறு. நம் கடைகளிற் கைமாறும் ஜீ.ரீ.எக்ஸ். 750 ரீ.ஐ., 1050 ரீ.ஐ., 1060 முதலியவை மக்ஸ்வெல், பஸ்கல் எனும் பழைய வகுப்பைச் சேர்ந்தவை. என்விடியா தன் லினக்ஸ் செலுத்தியின் 580ஆம் வரிசையோடு இவ்வகுப்புகளுக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. 590ஆம் வரிசை அவற்றை ஏற்பதில்லை. ஆர்ச் லினக்ஸ் 2025 டிசெம்பரில் 590க்கு மாறியபோது, பழைய அட்டையுடையோர் உரிய மாற்றத்தைச் செய்யாது இற்றைப்படுத்தினால் வரைவியற் செலுத்தி ஏறாது, திரையே எழாமற் போகலாம் என்று தன் அறிவிப்பிலேயே எச்சரித்தது. எச்சரித்தது நேர்மை. ஆனால் அவ்வறிவிப்பைக் கல்முனை வீட்டில் யார் படிக்கப் போகிறார்? பரீட்சைக்கு முந்திய இரவு, ராத்தா பொத்தானை அமுக்கும்போது கருந்திரை நின்றால் யாரைக் கேட்பது?

வரைவியல் அட்டையே இல்லாத பழைய பெட்டிகளும் உள. இன்டெல் நான்காந் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் கொண்ட உள்ளமைந்த வரைவியல், இன்றைய டி.எக்ஸ்.வி.கே. வேண்டும் வல்கன் 1.3ஐ நிறைவு செய்யாது. அவற்றிற் பழைய விளையாட்டுக்களும், லினக்ஸுக்கெனவே எழுதிய எளிய விளையாட்டுக்களும் ஓடும். புதியவற்றை எதிர்பார்ப்பது வீண். வழங்கலை மாற்றி மாற்றிப் பார்ப்பதாலும் அது மாறாது.

மூன்றாவது, வீட்டின் நிலை. 2022ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. அக்காலம் கழிந்துவிட்டது. எனினும் மழைக்காலத்தில் மின்சாரம் சொல்லாமற் போவது இக்கரையில் இன்றும் புதினமன்று. இற்றைப்படுத்தல் பாதியில் நிற்கும்போது மின் போனால் முறைமை பழுதாகலாம். ஆகையால், முன்னைய நிலைக்குத் திரும்பும் வழி உள்ள வழங்கலையே கொள்ளவேண்டும். இணையத்துக்கும் அளவுண்டு. ஒரு விளையாட்டே அறுபது, நூறு ஜிகாபைட் ஆகிவிடும் காலத்தில், முறைமையும் வாரந்தோறும் பெருந்தொகையை விழுங்கினால் மாதக் கட்டுக்குள் அடங்காது. இதற்கு ஓர் உபாயம் உண்டு. 2023ஆம் ஆண்டிலிருந்து ஸ்டீமில், ஒரே வலையமைப்பில் உள்ள ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு விளையாட்டின் கோப்புக்களை நேரே மாற்றும் வசதி உண்டு. கூட்டாளியின் மடிக்கணினியை வீட்டுக்கு அழைத்துவந்தால், நூறு ஜிகாபைட்டை இணையத்தைத் தொடாமலே எடுத்துவிடலாம். ஆட்டத்தை வாங்கிய கணக்கு அவரவருடையதாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இம்மூன்றையும் மனத்திற் கொண்டு பெயர்களைப் பார்ப்போம். பழைய என்விடியா அட்டையும் பலர் பாவிக்கும் ஒரே கணினியும் உள்ள வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. அதன் 22ஆம் வரிசை 2024இல் வெளிவந்தது, உபுண்டு 24.04ஐ அடியாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு பெறுவது. புதுமை குறைவு, மாற்றங்களும் குறைவு. இவ்வீட்டுக்கு அதுவே நன்மை. அட்டைக்கு ஏற்ற செலுத்தியைத் தெரிவுசெய்ய அதில் ஒரு சாளரம் உண்டு. 'டைம்ஷிப்ட்' எனும் கருவி முறைமையின் நிலையைப் படம்பிடித்து வைத்து, வேண்டியபோது திருப்பித் தரும். அது முறைமையை மட்டுமே காக்கும், பரீட்சைக் குறிப்புகளைக் காப்பதில்லை என்பதை ராத்தா அறிந்திருத்தல் நன்று. உபுண்டுவையே நேராக நிறுவுவோர், ஸ்டீமை 'ஸ்னாப்' வடிவில் எடுக்காது வால்வ் தரும் டெப் பொதியாக எடுப்பது நலம். ஸ்னாப் வடிவத்தால் எழும் முறைப்பாடுகள் மிகுந்தன என வால்வ் தரப்பினரே 2024இல் கூறினர்.

2025இல் வெளிவந்த புதிய ஏ.எம்.டி. அட்டையை அண்ணனோ மாமாவோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருப்பின், மின்ட் அதற்குச் சற்றுப் பழையது. புதிய கருவும் புதிய மேசாவும் வேண்டும். அங்கே பெடோரா, அதன் வழிவந்த நொபாரா, ஆர்ச் வழிவந்த கச்சிஓஎஸ் ஆகியவை முன்னிற்கின்றன. கச்சிஓஎஸ் வேகத்துக்குப் பெயர் பெற்றது; பெற்ற பெயர் பொய்யன்று. ஆனால் ஒரே பெட்டியிற் சில சதவீத வேகத்துக்காக வாரந்தோறும் மாறும் முறைமையைப் பொறுப்பேற்பது, அதனைப் பராமரிப்பதையே விளையாட்டாகக் கொண்டவருக்குத்தான் தகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே பசைட் எனும் வழங்கல் தனியாக எடுத்துச் சொல்லத்தக்கது. பெடோராவின் 'அணு' வகையைச் சார்ந்தது. முறைமை முழுவதும் ஒரே படிமமாக வருகிறது. பாவிப்போர் அதன் உள்ளே கைவைத்துக் குலைப்பது கடினம். புதிய படிமம் சரிவராவிடின், கணினி எழும்போது பழையதைத் தெரிந்து மீளலாம். ஸ்டீம் முன்னரே நிறுவப்பட்டிருக்கும். தரவிறக்கும்போதே எந்த அட்டை என்று கேட்டு அதற்குரிய படிமத்தைத் தருகிறது. பதினைந்து வயதினனும் பரீட்சை மாணவியும் பகிரும் கணினிக்கு இந்த உறுதி பெரிது. குறை, இற்றைப்படுத்தல்கள் பருமன் மிக்கவை என்பது. கைத்தொலைபேசியின் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சுமை. நார்க்கம்பி இணையம் உள்ள வீட்டுக்குச் சுமையன்று. ஸ்டீம் டெக்கில் உள்ள ஸ்டீம்ஓஎஸையே போடலாமா எனச் சிலர் கேட்பர். அது முதலில் கைக்கருவிக்கெனச் செய்யப்பட்டது. என்விடியா அட்டையுள்ள வீட்டுப் பெட்டிக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நிறுவும் முறையிலும் நிதானம் வேண்டும். வழங்கலை ஒரு பென் டிரைவில் எழுதி, வன்தட்டைத் தொடாமலே கணினியை அதிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம். வைபை வருகிறதா, ஒலி வருகிறதா, வாப்பாவோடு பேசும்போது கமெரா இயங்குகிறதா என்பவற்றை உம்மாவும் உடனிருந்து பார்க்கட்டும். தமிழ் எழுதவேண்டுமே என்ற கவலை வேண்டாம். பாடசாலையிற் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு ஐபஸ் எனும் உள்ளீட்டு முறையிற் கிடைக்கிறது. பழைய விண்டோஸ் தட்டில் உள்ள விளையாட்டுக்களை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்ட முயல்வது பலர் செய்யும் தவறு. என்.ரீ.எப்.எஸ். எனும் அவ்வமைப்பிற் புரோட்டான் அடிக்கடி தடுமாறும். விளையாட்டுக்கு லினக்ஸின் சொந்த அமைப்பில் இடம் ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தட்டைப் பிரித்து இரண்டு முறைமைகளையும் அதில் அடைக்கும் சிக்கனம் வேண்டாம். நிறுவும்போது 'தட்டு முழுவதையும் அழி' என்ற ஒரு வரியை ஆர்வத்தில் அமுக்கிவிட்டால், ஈராண்டுக் குறிப்புகளும் பெருநாட் படங்களும் கண்ணிமைக்குமுன் போய்விடும். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, பழைய தட்டின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் லினக்ஸை நிறுவுவதே பாதுகாப்பு. குறிப்புகளின் ஒரு படி அதற்கு முன்னரே வேறொரு பென் டிரைவில் ராத்தாவின் மேசையிற் கிடக்கட்டும். ஒரு மாதம் சென்றபின், கூட்டாளிகளோடு ஆடும் அந்த ஓர் ஆட்டம் இல்லாமல் முடியாது எனத் தம்பி கண்டால், பழைய தட்டை மீளச் செருகி அதற்கு மட்டும் விண்டோஸைப் பாவிக்கலாம். அப்பொழுதும் உம்மாவின் வங்கி வேலையும் ராத்தாவின் எழுத்து வேலையும் லினக்ஸிலேயே நடக்கட்டும். தம்பி பழைய தட்டைக் கேட்கவேயில்லையெனில், அதனைத் துடைத்து, மருதமுனை நெசவுத் துணியொன்றிற் சுற்றி அலமாரியில் வைத்துவிடலாம். வாப்பா விடுமுறையில் வரும்போது உள்ளிருக்கும் பழைய படங்களை எடுத்துப் பார்க்க உதவும்.